பாதி சும்மா இருப்பதாகக் காட்டும் பிராசசர்: ஹைப்பர்-திரெடிங் சிக்கல்களை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

எட்டு கோர் (தனித்தனியே கணக்கிடும் பகுதி) உள்ள பிராசசரை இயக்க அமைப்பு பதினாறாகக் காட்டுகிறது. அந்தப் பதினாறை அப்படியே நம்பித் திட்டமிடும்போதுதான் கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை தொடங்குகின்றன. இன்டெல் இதை ஹைப்பர்-திரெடிங் என்கிறது, ஏஎம்டியும் ஐபிஎம்மும் எஸ்எம்டி (சைமல்டேனியஸ் மல்டித்ரெடிங்) என்கின்றன. வேலை செய்யும் விதம் ஒன்றுதான். ஒரு கோர் ஒரே நேரத்தில் பொதுவாக இரண்டு திரெட்களின், அதாவது தனித்தனிக் கட்டளைத் தொடர்களின், கட்டளைகளைக் கையில் வைத்திருக்கும். ஒன்று நினைவகத்திலிருந்து தரவு வரக் காத்திருக்கும்போது, காலியாகக் கிடக்கும் கணக்கிடும் அலகுகளை மற்றது எடுத்துக்கொள்ளும்.

எது பொது, எது தனி என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ரெஜிஸ்டர்களின் (கணக்கில் உள்ள மதிப்புகளை வைக்கும் மிகச் சிறு இடங்கள்) நிலை ஒவ்வொரு திரெட்டுக்கும் தனி. எல்1, எல்2 கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தரவை அருகில் வைக்கும் சிறு நினைவகம்), கணக்கிடும் அலகுகள், நிரல் அடுத்து எந்தக் கிளையில் போகும் என்று முன்கணிக்கும் பகுதி எல்லாம் பொது. எழுதக் காத்திருக்கும் தரவுக்கான வரிசை போன்ற சில பகுதிகள், இரண்டு திரெட்களும் ஓடும்போது சரிபாதியாகப் பிரிக்கப்படும். இணைத் திரெட், அதாவது அதே கோரைப் பகிரும் மற்றத் திரெட், ஓய்ந்து நின்றதும் அந்தப் பாதி, ஓடிக்கொண்டிருக்கும் திரெட்டிடம் திரும்பி வந்துவிடும். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வையுங்கள். எஸ்எம்டியை அணைப்பதா வேண்டாமா என்ற கேள்வியில் இதுதான் தீர்மானிக்கும்.

கட்டளைப் பெயர்களைக் கீழே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டச்சும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இடுங்கள்.

எதற்கும் முன்னால்: உங்கள் பிராசசரின் வரைபடம்

லினக்ஸில் 'எல்எஸ்சிபியூ' கட்டளையை ஓட்டினால், ஒரு கோருக்கு எத்தனை திரெட் என்று ஒரு வரி வரும். அதில் 1 இருந்தால் எஸ்எம்டி இல்லை, அல்லது அணைக்கப்பட்டிருக்கிறது. 2 இருந்தால் ஓடுகிறது. ஐபிஎம்மின் பவர்8 (2014) போன்ற சர்வர்களில் 8 வரை போகும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் செயல்திறன் பக்கத்தில் கோர் எண்ணிக்கையும் லாஜிக்கல் பிராசசர் (ஒவ்வொரு திரெட்டும் ஒன்றாக எண்ணப்படும்) எண்ணிக்கையும் தனித்தனியாக இருக்கும்.

கலப்பு வகை பிராசசர்களில் கணக்கு கொஞ்சம் மாறும். 2021இல் வந்த இன்டெல் கோர் ஐ9-12900கே-யில் 8 பெரிய கோர், 8 சிறிய கோர். பெரியவற்றில் மட்டும் ஹைப்பர்-திரெடிங் உண்டு. ஆகவே 16 + 8 = 24 திரெட். ஆப்பிளின் எம் வரிசைச் சிப்களில் எஸ்எம்டி கிடையாது. 2024இல் வந்த இன்டெல்லின் ஆரோ லேக், லூனார் லேக் சிப்களிலும் அது நீக்கப்பட்டுவிட்டது. உங்களிடம் இருப்பது இவற்றில் ஒன்றென்றால் மந்தத்துக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

அடுத்து, எந்த எண்ணும் எந்த எண்ணும் ஒரே கோரில் இணைகள் என்று பாருங்கள். 'எல்எஸ்சிபியூ'வுடன் 'ஈ' விருப்பத்தைச் சேர்த்தால் அட்டவணை வரும். ஒரே கோர் எண் கொண்ட இரண்டு வரிகள் இணைகள். ஊகித்துவிடாதீர்கள். விண்டோஸில் வழக்கமாக 0, 1 என அடுத்தடுத்த எண்கள் இணைகளாக இருக்கும். லினக்ஸ் சர்வர்கள் பலவற்றில் எல்லாக் கோர்களின் முதல் திரெட்களும் முதலில் எண்ணப்பட்டு, அதன் பிறகுதான் இரண்டாம் திரெட்கள் வரும். எட்டு கோர் கருவியில் 0-க்கு இணை 8. ஆனால் கலப்பு வகைச் சிப்களில் லினக்ஸிலும் அடுத்தடுத்து வருவதைப் பார்க்கலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் செய்த அமைப்பு எப்படிக் கெடுக்கும் என்பது மூன்றாவது அறிகுறியில் வரும்.

அறிகுறி 1: பயன்பாடு 50 சதவீதம்தான் காட்டுகிறது, ஆனால் கூடுதல் வேலை கொடுத்தால் தாங்கவில்லை

மிக அதிகமாகக் கேட்கப்படும் புகார் இது. சர்வர் வாங்கும் முடிவுகளைக்கூடத் தவறாக்கிவிடுவதால் நிதானமாகப் பார்ப்போம்.

எட்டு கோர், பதினாறு லாஜிக்கல் பிராசசர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோரில் ஒரு திரெட் தனியாக ஓடினால் நொடிக்கு 100 வேலை முடிக்கிறது. அதே கோரில் இரண்டு திரெட் ஓடினால் இரண்டும் சேர்ந்து 125 முடிக்கின்றன. 25 சதவீதம் என்பது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண், உங்கள் வேலைக்கு அது வேறாக இருக்கும். முதல் ஹைப்பர்-திரெடிங் பிராசசர்கள் 2002இல் வந்தபோது இன்டெல் சொன்ன ஆதாயமே 30 சதவீதம் வரை என்பதுதான். சிப்பின் பரப்பில் 5 சதவீதத்துக்கும் குறைவாகச் சேர்த்து அதைப் பெற்றார்கள் என்பது உண்மையிலேயே அழகான பொறியியல். ஆனால் அது இன்னொரு கோர் ஆகிவிடாது.

இப்போது எட்டு திரெட்கள், கோருக்கு ஒன்றாக ஓடுகின்றன. முடியும் வேலை 800. பதினாறில் எட்டு மும்முரமாக இருப்பதால் திரை 50 சதவீதம் என்கிறது. கருவியின் உண்மையான உச்சம் 8 × 125 = 1000. அதாவது திரையில் 50 காட்டும்போதே திறனில் 80 சதவீதம் தீர்ந்துவிட்டது. மீதி 50 என்று தெரிவதற்குள் இருப்பது 20தான். எஸ்எம்டியால் ஆதாயமே இல்லாத வேலை என்றால், 50 காட்டும் இடமே உச்சம்.

செய்ய வேண்டியது: சதவீதத்தைப் பார்த்துக் கொள்திறனைத் திட்டமிடுவதை நிறுத்துங்கள். நொடிக்கு எத்தனை கோரிக்கை முடிகிறது, மணிக்கு எத்தனை கோப்பு மாற்றப்படுகிறது என்று வேலையை அளவிடுங்கள். கோர் எண்ணிக்கை அளவுக்குச் சுமை கொடுத்து ஒரு முறை, திரெட் எண்ணிக்கை அளவுக்குக் கொடுத்து ஒரு முறை ஓட்டினால் உங்கள் வேலைக்கான உண்மையான ஆதாயம் கிடைத்துவிடும். அதன்பின் திரையில் தெரியும் சதவீதத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

அறிகுறி 2: திரெட் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினேன், நேரம் குறையவில்லை அல்லது கூடிவிட்டது

முதலில் உங்கள் நிரல் எத்தனை திரெட் திறக்கிறது என்று பாருங்கள். லினக்ஸின் 'என்ப்ராக்' கட்டளை, பைத்தானின் சிபியூ கவுண்ட், ஜாவாவின் அவைலபிள் பிராசசர்ஸ் எல்லாமே லாஜிக்கல் எண்ணிக்கையைத்தான் தருகின்றன. அதை வைத்துத் திரெட் திறக்கும் நிரல், நீங்கள் கேட்காமலேயே கோர் ஒன்றுக்கு இரண்டு திரெட் திறந்துவிடும். இன்னொன்று: நிரல் 16 திரெட் திறந்து, ஒவ்வொன்றும் அழைக்கும் கணித நூலகம் மேலும் 16 திறந்தால் 256 ஆகிவிடும். பார்க்க எஸ்எம்டி சிக்கல் போலவே இருக்கும், ஆனால் இது வேறு நோய். முதலில் இதைக் களையுங்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் ஆதாயம் இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. எது என்று பிரித்தறிய, பிராசசரின் உள் எண்ணிக்கைகளைக் காட்டும் லினக்ஸின் 'பெர்ஃப் ஸ்டாட்' போதும். கோருக்கு ஒரு திரெட், இரண்டு திரெட் என இரண்டு விதமாக ஓட்டி, ஒரு கடிகாரச் சுற்றுக்கு எத்தனை கட்டளை முடிகிறது என்பதையும் கேஷ் தவறல்களையும் (தேடிய தரவு கேஷில் இல்லாத தடவைகள்) ஒப்பிடுங்கள்.

தனியாக ஓடும்போதே சுற்றுக்கு மூன்றுக்கு மேல் கட்டளைகள் முடிந்து, இரண்டாக ஓடும்போது ஒவ்வொன்றும் ஏறக்குறைய பாதியானால், கணக்கிடும் அலகுகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன என்று பொருள். நன்றாகச் செதுக்கப்பட்ட அணிப்பெருக்கல் நிரல்களில் இதுதான் நடக்கும். காலி இடமே இல்லாத கோரில் இரண்டாவது திரெட் செய்வதற்கு ஒன்றுமில்லை. இங்கே கோருக்கு ஒரு திரெட்தான் சரி. இன்டெல்லின் எம்கேஎல் கணித நூலகம் இயல்பாகவே கோர் எண்ணிக்கை அளவுக்கு மட்டும் திரெட் திறப்பதற்கும் இதுவே காரணம்.

கேஷ் தவறல்கள் திடீரென ஏறினால் இரண்டு திரெட்களும் ஒருவர் தரவை ஒருவர் வெளியே தள்ளுகின்றன. 32 கிலோபைட் எல்1 கேஷில் இரண்டு பேர் இருந்தால் ஆளுக்குச் சராசரியாக 16தான். 32-க்கு ஏற்ப அளவு வெட்டி வைத்த தரவுத் துண்டுகள் இனிப் பொருந்தாது. துண்டின் அளவைப் பாதியாக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள். சில நேரம் அது மட்டுமே எஸ்எம்டியை இழப்பிலிருந்து ஆதாயத்துக்குக் கொண்டுவந்துவிடும். அணைக்கும் முன் முயன்றே ஆக வேண்டிய திருத்தம் என்பேன்.

மூன்றாவது, நினைவக அலைவரிசை (நினைவகத்திலிருந்து நொடிக்கு எவ்வளவு தரவு வந்துசேர முடியும் என்பது). பெரிய வரிசைகளை முதலிலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டே போகும் வேலைகளில், எல்லாக் கோர்களும் ஓடுவதற்கு முன்பே நினைவகப் பாதை நிரம்பிவிடும். அங்கே திரெட் மட்டுமல்ல, கோரைக் கூட்டினாலும் பலனில்லை. திரெட்டை நான்கு, ஆறு, எட்டு என்று ஏற்றிக்கொண்டே போங்கள். கோர் எண்ணிக்கையை எட்டும் முன்பே வேகம் நின்றுவிட்டால் இதுதான்.

ஓபன்எம்பி (வேலையைத் திரெட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை) நிரல்களுக்குச் சீர் செய்வது எளிது: ஓஎம்பி நம் திரெட்ஸ் மாறியில் கோர் எண்ணிக்கையைக் கொடுத்து, ஓஎம்பி பிளேசஸ் மாறியில் 'கோர்ஸ்' என்று இடுங்கள். முதலாவதை மட்டும் செய்து இரண்டாவதை விட்டால், எட்டு திரெட்களும் நான்கு கோர்களில் போய் அமர இடமிருக்கிறது.

மறுபுறமும் சொல்ல வேண்டும். நிரல் மூலங்களைத் தொகுத்தல், கதிர்த் தொடரல் முறையில் படம் வரைதல், சுருக்கிய கோப்புகளை விரித்தல், தரவுத்தளத் தேடல் ஆகியவை அடிக்கடி தரவுக்காகக் காத்திருப்பவை, அல்லது கிளை முன்கணிப்பு தவறித் தடுமாறுபவை. இவற்றுக்கு எஸ்எம்டி நல்ல பலன் தரும். "ஹைப்பர்-திரெடிங் வெறும் விளம்பரம், அணைத்துவிடு" என்ற அறிவுரை இந்த வேலைகளுக்குக் கேடு.

அறிகுறி 3: அதே நிரல், அதே தரவு, ஒரு முறை வேகம், இன்னொரு முறை மந்தம்

ஒவ்வொரு முறையும் திரெட்கள் எங்கே அமர்கின்றன என்பது மாறுகிறதா என்று பாருங்கள். இரண்டு கனமான திரெட்கள் ஒரு முறை வெவ்வேறு கோர்களிலும், அடுத்த முறை ஒரே கோரின் இரு பக்கங்களிலும் அமர்ந்தால் இந்த ஏற்ற இறக்கம் வரும்.

இதை நிரூபிக்கும் சோதனை எளிது. 'டாஸ்க்செட்' கட்டளையால் நிரலின் இரண்டு பிரதிகளை இணை எண்கள் இரண்டில் கட்டிவைத்து, அதாவது அவற்றில் மட்டுமே ஓடும்படி செய்து, ஓட்டுங்கள். பிறகு வெவ்வேறு கோர்களில் கட்டி ஓட்டுங்கள். வித்தியாசம் நீங்கள் காணும் ஏற்ற இறக்கத்தின் அளவிலேயே இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

எந்தத் திரெட் எங்கே ஓடும் என்று முடிவு செய்யும் இயக்க அமைப்பின் திட்டமிடும் பகுதி தானாகவே முழுக் காலியாக உள்ள கோரைத்தான் முதலில் தேடும். லினக்ஸும் விண்டோஸும் பல ஆண்டுகளாக இதைச் சரியாகச் செய்துவருகின்றன. குழப்பம் பெரும்பாலும் நாம் குறுக்கே வரும்போதுதான். "எட்டு கோர் வேண்டும்" என்று 0 முதல் 7 வரை கட்டிவைப்பார்கள். இணைகள் அடுத்தடுத்து எண்ணப்பட்டிருக்கும் கருவியில் அது நான்கே கோர்கள். மீதி நான்கு கோர்கள் சும்மா இருக்க, எட்டு திரெட்கள் நான்கில் முட்டிக்கொள்ளும். வேறு கருவியில் சரியாக ஓடிய ஸ்கிரிப்டை இங்கே நகலெடுத்தால் இப்படித்தான் ஆகும். எண்களை ஸ்கிரிப்டில் நிலையாக எழுதாமல், இணைப் பட்டியலை லினக்ஸின் சிஸ் கோப்பகத்திலிருந்து படித்து முடிவு செய்யுங்கள்.

கண்டெய்னர்களிலும் (ஒரே கருவியைப் பகிர்ந்து தனித்தனியாக ஓடும் நிரல் பொதிகள்) இதே வலி உண்டு. ஒரே கோரின் ஒரு பக்கம் உங்கள் கண்டெய்னருக்கும் மறுபக்கம் வேறொருவருக்கும் போனால், அவர் சுமை கூடும்போதெல்லாம் நீங்கள் மந்தமாவீர்கள். உங்கள் பதிவேடுகளில் அதற்கான தடயம் எதுவும் இருக்காது. கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸில் சிபியூ மேனேஜரின் ஸ்டேட்டிக் கொள்கையோடு, முழுக் கோர்களை மட்டும் ஒதுக்கும் விருப்பத்தையும் இயக்கினால் இது நிற்கும்.

இன்னொரு மறைவான குற்றவாளி, சும்மா சுழன்று காத்திருக்கும் பூட்டு (பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டுமே தொடும்படி காப்பது). பூட்டு திறக்கிறதா என்று ஓயாமல் சோதிக்கும் திரெட், பயனுள்ள எதையும் செய்யாமலே இணைத் திரெட்டின் அலகுகளைத் தின்னும். இதற்காகவே பென்டியம் 4 காலத்தில், சுழற்சியைச் சற்று நிறுத்திவைக்கும் 'பாஸ்' என்ற கட்டளை வந்தது. சுழற்சிக்குள் அது இல்லாத சொந்தப் பூட்டு ஏதாவது உங்கள் நிரலில் இருந்தால், முதலில் அதைத் திருத்துங்கள். ஆனால் ஒன்று: இன்டெல்லின் ஸ்கைலேக் தலைமுறையில் இந்தக் கட்டளை எடுக்கும் நேரம் ஏறத்தாழ 10 சுற்றுகளிலிருந்து 140 சுற்றுகளாக உயர்த்தப்பட்டது. பழைய கருவியில் கணக்கிட்டு வைத்த சுழற்சி எண்ணிக்கையைப் புதியதில் மறுபடி அளக்க வேண்டும்.

அறிகுறி 4: சராசரிப் பதில் நேரம் நன்றாக இருக்கிறது, நூற்றில் ஒன்று மட்டும் மிக மெதுவாக வருகிறது

முதல் அறிகுறியின் கணக்கையே திருப்பிப் பாருங்கள். இரண்டு சேர்ந்து 125 என்றால் ஒவ்வொன்றும் 62.5தான். மொத்த வேலை கூடுகிறது, தனித்தனிக் கோரிக்கை மெதுவாகிறது. சுமை குறைவாக இருக்கும்போது ஒரு கோரிக்கை கோரைத் தனியாக அனுபவிக்கும். சுமை ஏறி இணைப் பக்கங்கள் நிரம்பத் தொடங்கும் இடத்தில் சில கோரிக்கைகள் திடீரென ஒன்றரை மடங்குக்கும் மேல் நேரம் எடுக்கும். பயன்பாட்டு வரைபடம் 50ஐத் தாண்டும் நேரத்தோடு மெதுவான கோரிக்கைகள் தொடங்கும் நேரம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஒத்துப்போனால், நேரம் முக்கியமான திரெட்களை ஒரு பக்கத்தில் கட்டிவைத்து அவற்றின் இணைகளைக் காலியாக விடுங்கள். குறிப்பேடு எழுதுதல், காப்பெடுத்தல் போன்ற பின்னணி வேலைகளை வேறு கோர்களுக்கு அனுப்புங்கள்.

அறிகுறி 5: கிளவுடில் நான்கு விசிபியூ எடுத்தேன், நான்கு கோர் வேகம் வரவில்லை

பெரும்பாலான எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) கிளவுட் கருவிகளில் ஒரு விசிபியூ (மெய்நிகர் பிராசசர்) என்பது ஒரு திரெட்தான். நான்கு என்றால் இரண்டு கோர். அமேசானின் ஆர்ம் வகைக் கிராவிடான் கருவிகளில் ஒரு விசிபியூ ஒரு முழுக் கோர். இரண்டையும் எண்ணிக்கையால் மட்டும் ஒப்பிட்டால் முடிவு தவறும். அமேசானில் கருவியைத் தொடங்கும்போதே கோருக்கு ஒரு திரெட் என்று அமைக்கலாம். ஆனால் விசிபியூ எண்ணிக்கை பாதியாகிவிடும், கட்டணம் குறையாது.

அறிகுறி 6: நேற்றுவரை பதினாறு இருந்தது, இன்று எட்டுதான் தெரிகிறது

இது பழுதாக இல்லாமல், யாரோ வேண்டுமென்றே அணைத்ததாக இருக்கலாம். ஒரே கோரைப் பகிரும் திரெட்கள் கேஷையும் பகிர்வதால், ஒன்றின் இரகசியத்தை மற்றது வேவு பார்க்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 2018 ஜூனில் ஓபன்பிஎஸ்டி இயக்க அமைப்பு இன்டெல் பிராசசர்களில் இதை இயல்பாகவே அணைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் எல்1டிஎஃப், 2019 மே மாதத்தில் எம்டிஎஸ் எனும் பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவந்தன. எம்டிஎஸ்ஸைத் தொடர்ந்து குரோம் ஓஎஸ் 74ஆம் பதிப்பும் அணைத்துவிட்டது.

லினக்ஸில் கெர்னல் (இயக்க அமைப்பின் மையப் பகுதி) தொடக்க வரியில் 'நோஎஸ்எம்டி' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு சிஸ் கோப்பகத்தில், சிபியூவின் கீழ் உள்ள எஸ்எம்டி கோப்புறையில் 'கண்ட்ரோல்' கோப்பைப் படியுங்கள். 'ஆஃப்' என்றால் 'ஆன்' என்று எழுதி உடனே இயக்கலாம். 'ஃபோர்ஸ்ஆஃப்' என்றால் மறுதொடக்கம் வரை முடியாது. இரண்டுமே இல்லையென்றால் பயாஸ் (கருவி தொடங்கும்போதே ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்பைப் பாருங்கள். ஃபார்ம்வேர் புதுப்பித்தபின் அமைப்புகள் மாறியிருக்க வாய்ப்புண்டு.

திரும்ப இயக்கும் முன் ஒரு கேள்வி: இந்தக் கருவியில் ஒருவரையொருவர் நம்பாதவர்களின் நிரல்கள் சேர்ந்து ஓடுகின்றனவா? ஆம் என்றால் வேகத்துக்காக மட்டும் இயக்கிவிடாதீர்கள். அதே சிபியூ கோப்பகத்தில் ஓட்டைகளைப் பட்டியலிடும் கோப்புறை இருக்கும். அதில் எஸ்எம்டி பாதுகாப்பற்றது என்று எந்தக் கோப்பாவது சொன்னால் அதை மதியுங்கள். 2021இல் வந்த லினக்ஸ் 5.14 முதல் கோர் ஷெட்யூலிங் வசதி இருக்கிறது. ஒன்றையொன்று நம்பும் நிரல்கள் மட்டுமே ஒரு கோரைப் பகிரும்படி அது பார்த்துக்கொள்ளும்.

அறிகுறி 7: எல்லாத் திரெட்களையும் ஓட்டினால் கடிகார வேகம் இறங்குகிறது

அலகுகள் நிறைய ஓடினால் மின்சாரமும் வெப்பமும் கூடும், பிராசசர் வேகத்தைக் குறைக்கும். குளிர்விப்பான் சுத்தமாக இருந்தும் இறங்கினால் அது இயல்பே. ஸ்கைலேக் சர்வர் சிப்களில் மட்டும் கூடுதலாகக் கவனியுங்கள்: இணைத் திரெட் ஏவிஎக்ஸ்-512 (ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடும்) கட்டளைகளை ஓட்டினால் முழுக் கோரின் கடிகாரமும் இறங்கும். உங்கள் நிரல் அதைத் தொடாவிட்டாலும் பாதிப்பு உண்டு.

அணைப்பதா வேண்டாமா: மூன்று ஓட்டம்

பயாஸுக்குப் போகும் முன் மூன்று விதமாக ஓட்டிப் பாருங்கள். எஸ்எம்டி இயங்க, எல்லாத் திரெட்களும் நிரம்ப ஒன்று. எஸ்எம்டி இயங்க, கோருக்கு ஒரு திரெட் மட்டும் கட்டிவைத்து ஒன்று. கண்ட்ரோல் கோப்பில் 'ஆஃப்' எழுதி, அதே கோருக்கு ஒரு திரெட் அமைப்பில் ஒன்று. ஒவ்வொன்றையும் பல தடவை ஓட்டி, நடு மதிப்பையும் மோசமான மதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டம் வென்றால் எதையும் தொடாதீர்கள். இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாக இருந்து முதலாவதை வென்றால், கட்டிவைப்பதே போதும். ஓய்ந்திருக்கும் இணைத் திரெட் தன் பாதியை விட்டுக்கொடுத்துவிடுகிறது என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான். அணைக்காமலே முழுக் கோரும் உங்களுக்குக் கிடைக்கிறது, வேறு வேலைகளுக்கு எஸ்எம்டியும் இருக்கிறது. மூன்றாவது மட்டும் தெளிவாக வென்றால், இயக்க அமைப்பின் சிறு வேலைகள் இணைப் பக்கங்களில் வந்து உட்கார்ந்து தொந்தரவு செய்கின்றன என்று பொருள். அவற்றையும் குறுக்கீடுகளையும் வேறு கோர்களுக்கு நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். முடியவில்லையென்றால், அந்தக் கருவி அந்த ஒரே வேலைக்கென்று ஒதுக்கப்பட்டதாகவும் இருந்தால், தயங்காமல் அணைத்துவிடுங்கள்.